எழுதப்படாத தள்ளுதற்சீட்டு



இவ்வாரத் தியானப் பகுதி: உபாகமம் 24:1-5.

இந்த ஐந்து வசனங்களை நாம் பெரும்பாலும் பிரித்தே வாசிக்கிறோம். முதல் நான்கும் தள்ளுதற்சீட்டைப் பற்றியவை. மனைவியை அனுப்பிவிடுகிற கணவன் அதை எழுத்தில் எழுதி அவள் கையிலே கொடுக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படுகிற ஒழுங்கு. ஐந்தாம் வசனமோ புதிதாய் மணம் முடித்த போர்வீரனைப் பற்றியது. அவன் ஓராண்டு காலம் யுத்தத்துக்குப் போகாமலும், வேறு பொறுப்புகள் சுமத்தப்படாமலும், வீட்டிலிருந்து தன் மனைவியை மகிழ்விக்க வேண்டும். மணமுறிவும் போர்ச்சேவகனின் இல்லறமும் நியாயப்பிரமாணத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அதை நான் கவனிக்கப் பல ஆண்டுகள் ஆயின. கவனிக்கத் தவறியதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. நம் சபையின் சகோதரி ஒருவர் கொடுத்தார்.

நம்முடைய திண்டுக்கல் சமவெளியின் ஊர்களிலிருந்து இளைஞர் பலர் இராணுவத்துக்குப் போகிறார்கள். ரயிலேறி வடக்கே போகிற அவர்களுக்காக ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். அவர்கள் விடுப்பில் வரும்போது ஓலை கூறி, திருமணம் நடத்திவைத்து, விருந்துண்டு, வழியனுப்புகிறோம். அந்த இல்லறங்களில் சில உடைந்தபோது மட்டும் நம் சபை என்ன செய்தது? குரலைத் தாழ்த்திக்கொண்டது. இன்று அதைக் குறித்தே எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றை அறிக்கையிடுகிறேன். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, அடையாளங்களை மறைத்து எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, கைக்குழந்தையோடு ஒரு பெண் ஆயர் இல்லத்துக்கு வந்தார். கணவர் இராணுவத்தில் சிப்பாய். ஓராண்டுக்கு மேலாகப் பணம் அனுப்பவில்லை, தொலைபேசியிலும் பேசுவதில்லை. அவருடைய அண்ணன் கமாண்டிங் ஆபீசருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தார். அதை அனுப்பலாமா என்று கேட்கவே அவர் வந்திருந்தார். அந்தச் சிப்பாயின் தகப்பனாரோ நம் சபையில் மதிப்புள்ள மூப்பர். மகனுடைய வேலைக்குக் கேடு வந்துவிடுமோ என்று நானும் அஞ்சினேன். "அம்மா, இதை அனுப்ப வேண்டாம். பொறுமையாயிருந்து ஜெபம் பண்ணுங்கள், கர்த்தர் அவர் மனதை மாற்றுவார்" என்று சொல்லி அனுப்பினேன்.

சில மாதங்கள் கழித்து இரு வீட்டுப் பெரியவர்களும் கூடி, ஒரு முத்திரைத்தாளில் "இனி ஒருவர்மேல் ஒருவருக்கு உரிமை இல்லை" என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நகையும் பாத்திரமும் திரும்பி வந்தன. விஷயம் வெளியே தெரியாமல் முடிந்தது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். நானும் அடைந்தேன். அந்தப் பெண் நூற்பாலை வேலைக்குப் போய் ஒன்பது ஆண்டுகள் தனியே பிள்ளையை வளர்த்தார். பின்பு ஒரு வழக்கறிஞரைச் சந்தித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த முத்திரைத்தாள் வெறும் காகிதம். சட்டத்தின் முன் அவர் இன்னும் மனைவியே. பராமரிப்புத் தொகை பெறும் உரிமை அத்தனை நாளும் அவருக்கு இருந்தது. நீதிமன்றம் அவருக்குத் தொகை விதித்தது. ஆனால் மனுச் செய்த நாளிலிருந்துதான். கடந்துபோன ஒன்பது ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை.

அவர் என்னிடம் கோபப்படவில்லை. "ஐயா, ஜெபம் பண்ணச் சொன்னீங்க, பண்ணினேன். அந்தக் கடுதாசியையும் அனுப்பச் சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த வார்த்தை இன்றும் என் பிரசங்க பீடத்தின் மேல் இருக்கிறது.

பிரியமானவர்களே, நியாயப்பிரமாணம் ஏன் ஒரு சீட்டைக் கேட்டது? மனைவியை அனுப்பிவிடும் வழக்கம் சீட்டு இல்லாமலே அக்காலத்தில் இருந்தது. வாய்ச்சொல்லால் வெளியே தள்ளப்பட்ட பெண் மனைவியும் அல்ல, விடுதலையானவளும் அல்ல. எந்த ஆதரவும் இல்லாமல் நடுவழியில் நிற்பாள். எழுதப்பட்ட சீட்டு அவளுடைய நிலையை உறுதிப்படுத்தியது. மனிதருடைய இருதயக் கடினத்தினிமித்தமே மோசே அதற்கு இடங்கொடுத்தான் என்று நம் ஆண்டவர் மத்தேயு 19-ஆம் அதிகாரத்தில் சொன்னார். அந்த இருதயக் கடினத்துக்கு முழுவதும் இரையாகிவிடாதபடி எளியவளைக் காப்பதற்கும் அந்தச் சீட்டு உதவியது.

யூத ரபிமாரின் தல்மூத்தில் ஒரு பழைய மரபு காணப்படுகிறது. தாவீதின் வீட்டாருடைய யுத்தங்களுக்குப் புறப்பட்டவர்கள், தங்கள் மனைவியருக்கு ஒரு தள்ளுதற்சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டே போனார்கள் என்பது அது. அவர்கள் வெறுப்பினால் அப்படிச் செய்யவில்லை. போர்க்களத்தில் காணாமற்போனால் வீட்டிலிருப்பவள் காலமெல்லாம் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்ற அக்கறையினால் செய்தார்கள். இறையியல் கல்லூரியில் இதை ஒரு சுவையான செய்தியாகப் படித்துக் கடந்துபோனேன். இன்று அது என்னை நிறுத்துகிறது. போர்வீரனின் அன்பு தன் மனைவியின் நிலையை எழுத்தில் தெளிவாக்கி வைக்கும் அளவுக்குப் போயிருக்கிறது.

எழுத்தும் தெளிவும் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை நம் நாடே கண்டது. 1999-ஆம் ஆண்டு, மணமாகிச் சில நாட்களே ஆன உத்தரப்பிரதேசத்துப் படைவீரர் ஒருவர் கார்கில் பகுதியில் காணாமற்போனார். அவர் பாகிஸ்தான் சிறையில் இருந்தார். அது தெரியவருமுன் அவர் ஓடிப்போனவராகக் கருதப்பட்டார். இளம் மனைவிக்குப் பின்னர் மறுமணம் நடந்தது. 2004-இல் அவர் உயிரோடு திரும்பினார். அப்போது அந்தப் பெண் இரண்டாம் கணவரின் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். அவர் யாரோடு வாழ வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்களும் தொலைக்காட்சி மேடையும் விவாதித்தன. முதல் கணவரிடமே திரும்பினார். 2006-இல் நோயுற்று இறந்தார். அந்தக் குடும்பத்தின் மார்க்கம் வேறு, சட்டம் வேறு. ஆயினும் ஒரு பெண்ணின் வாழ்வைக் கூடியிருந்தவர்கள் தீர்மானித்த அந்தக் காட்சி நம் வீட்டுப் பஞ்சாயத்துக்கு அந்நியமானதா என்று சிந்திப்போம்.

ஆகவே, சபையார் யாவரும் அறிந்திருக்க வேண்டிய ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கிறிஸ்தவருடைய மணமுறிவுக்கு உரிய சட்டம் 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். படைவீரருக்கென்று தனிச் சட்டம் இல்லை. சிப்பாயானாலும் கர்னலானாலும் இதுவே. சபைக்கோ மூப்பருக்கோ ஆயருக்கோ திருமணத்தைச் சட்டப்படி கலைக்கும் அதிகாரம் இல்லை. திருச்சபை நீதிமன்றம் தரும் தீர்ப்பும் நாட்டின் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவாக்கியது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு கணவனின் விபசாரத்தை மட்டும் காட்டி ஒரு கிறிஸ்தவ மனைவி விடுதலை பெற முடியாது. கொடுமையோ கைவிடுதலோ அதனுடன் சேர்ந்திருக்க வேண்டும். கணவனுக்கோ மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். அந்த அநீதி நீங்க 130 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்று கொடுமை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத கைவிடுதல், ஏழு ஆண்டுகளாக உயிரோடிருப்பதாகச் செய்தியே இல்லாமை முதலியவை இருவருக்கும் பொதுவான காரணங்கள். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு இச்சட்டம் இரண்டு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. இந்து திருமணச் சட்டம் கேட்பது ஓராண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படைவீரர் எல்லையில் பணியிலிருப்பது "பிரிந்து வாழ்தல்" ஆகாது. பிரிந்து வாழ்தல் என்பது இடத்தைப் பொறுத்ததன்று, கணவன் மனைவியாக வாழாதிருப்பதே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இரண்டாயிரம் மைல் தொலைவில் இருந்தும் ஒன்றாய் வாழும் தம்பதியர் உண்டு; ஒரே கூரையின் கீழ்ப் பிரிந்து வாழ்பவரும் உண்டு.

வழக்கை எங்கே தொடுப்பது? கணவர் ஜம்முவில் இருப்பதால் அங்கே போக வேண்டும் என்று எண்ணிப் பெண்கள் கலங்குகிறார்கள். தேவையில்லை. திருமணம் நடந்த இடத்தின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். நம் ஆலயத்தில் மணம் முடித்தவருக்கு நம் மாவட்ட நீதிமன்றமே போதும். பராமரிப்புக்கான மனுவை மனைவி தாம் வசிக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாயிருந்த இவ்வுரிமை, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக உள்ளது. மறுமணம் செய்யாத, விவாகரத்துப் பெற்ற மனைவிக்கும் இது உண்டு. தொகையை மனுச் செய்த நாளிலிருந்து வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியது. அதனாலேயே சொல்கிறேன்: "பொறுத்திரு" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு இழப்பு.

இராணுவத்துக்குள்ளும் ஒரு வழி உண்டு. 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, படைவீரரின் சம்பளத்தை உரிமையியல் நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 90, 91-ஆம் பிரிவுகள் மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்காகச் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்ய மத்திய அரசுக்கும் அதற்குரிய அதிகாரிக்கும் அதிகாரம் கொடுக்கின்றன. மனைவி கமாண்டிங் ஆபீசருக்கு மனுக் கொடுக்கிறார். கணவரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. பின்பு உயர் அதிகாரி முடிவு செய்கிறார். 2001-ஆம் ஆண்டின் இராணுவ ஆணை மனைவிக்கு 22 விழுக்காடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5.5 விழுக்காடு, மொத்தம் 33 விழுக்காட்டுக்கு மேற்படாமல் என்று அளவு வகுத்தது. நான் அனுப்ப வேண்டாம் என்று தடுத்த மனு இதற்குரியதே. பணம் கொடுக்காத கணவரைப் பணம் கொடுக்கச் செய்வதே அதன் நோக்கம், வேலையைப் பறிப்பதன்று.

விவாகரத்துத் தீர்ப்பு வந்தால் அதுவும் படைப்பிரிவின் பதிவேட்டில் ஏற வேண்டும். படையில் அதைப் "பார்ட் டூ ஆர்டர்" என்பார்கள். அதன்பின் முன்னாள் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் கேண்டீன் உரிமையும் இல்லை. பிள்ளைகளின் உரிமை நீங்குவதில்லை. தீர்ப்பு இல்லாமல் முத்திரைத்தாளை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. அந்தக் கணவர் நாளை இறந்தால், இரண்டாவதாக வந்த பெண் எல்லாக் கதவுகளிலும் திருப்பி அனுப்பப்படுவார். ஒரு பெண்ணுக்கு மூடி மறைத்த அநீதி, ஒன்றும் அறியாத இன்னொரு பெண்ணின் வீட்டிலும் போய் விழுகிறது.

படைவீரரின் பக்கத்தையும் நான் மறக்கவில்லை. பனிமலையில் காவல் நிற்கும் நம் பிள்ளைக்கு நீதிமன்ற அழைப்பாணை வருகிறது, விடுப்புக் கிடைக்கவில்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடுமோ என்று தூக்கமின்றித் தவிக்கிறான். சட்டம் அவனையும் நினைத்திருக்கிறது. அழைப்பாணை அவனுடைய கமாண்டிங் ஆபீசர் வழியாகவே அனுப்பப்பட வேண்டும். விடுப்புப் பெற இயலாதவன் தனக்காக வழக்கை நடத்த வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். போர்ச்சூழலிலோ கடல் கடந்த பணியிலோ இருப்பவனுடைய வழக்கை நிறுத்திவைக்க 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இடமளிக்கிறது. கமாண்டிங் ஆபீசருக்கு எழுதுவோம் என்று மிரட்டிப் பணம் பறிக்க நினைக்கும் பெண் வீட்டாரும் உண்டு. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை அவர்களுக்கும் உரியது. வழக்கைத் திறந்த இடத்தில், பதிவோடு, இரு தரப்பையும் கேட்டு நடத்தும் ஒழுங்கு இருவரையும் காக்கிறது. திண்ணைப் பஞ்சாயத்து வலியவனை மட்டுமே காக்கிறது.

"ஆயரே விவாகரத்துக்கு வழி சொல்கிறாரே" என்று சிலர் வருந்தக்கூடும். அந்த வருத்தத்தை மதிக்கிறேன். திருமணம் தேவன் இணைத்தது என்பதில் நான் அணுவளவும் விலகவில்லை. மல்கியா இரண்டாம் அதிகாரத்தில் தள்ளிவிடுதலை வெறுப்பதாகக் கர்த்தர் சொல்லும் இடத்தைச் சற்று முன்னிருந்து வாசியுங்கள். இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்த புருஷர்களையே அவர் கடிந்துகொள்கிறார். பலிபீடம் கண்ணீரால் நனைந்திருக்கிறது. தேவனுடைய கோபம் துரோகத்தின்மேல் இருக்கிறது. நாமோ துரோகத்தை மன்னித்துவிட்டு, அதைப் பதிவு செய்யப் போகிறவளைத் தடுக்கிறோம். நீதிமன்றப் படி ஏறாததினால் திருமணம் காக்கப்பட்டது என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். அந்த முத்திரைத்தாளில் கையெழுத்திட்ட அன்றே நாம் ஒரு விவாகரத்தைச் செய்துவிட்டோம். அதற்குரிய பாதுகாப்பை மட்டும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

நம் சபையில் இனி என்ன செய்ய வேண்டும் என்பதில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். மணமுறிவு குறித்து எந்த முத்திரைத்தாளிலும் நானும் மூப்பர்களும் சாட்சிக் கையெழுத்து இடலாகாது. ஒப்புரவுக்காக எத்தனை முறையும் இருவரோடும் அமர்வோம். வீடியோ அழைப்பிலாவது இருவரையும் கேட்போம். பராமரிப்புக் கேட்கும் பெண்ணிடம், அவள் உரிமையை விட்டுவிடுவதை ஒப்புரவுக்கு நிபந்தனையாக வைக்கலாகாது. ஒப்புரவு இயலாதபோது, சட்டத்தின் வழியை அவளுக்குக் காட்ட வேண்டும். பெண்களுக்கு அவர்கள் வருமானம் எதுவாயினும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. படைவீரர் குடும்பங்களுக்கென்றே 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். அங்கே தனியே போகத் தயங்குகிறவரோடு நம் பெண்கள் ஐக்கியத்தார் ஒருவர் கூடப் போகட்டும்.

அதற்கும் முன்னே, ஐந்தாம் வசனத்துக்குத் திரும்புவோம். நியாயப்பிரமாணம் புதுமணப் படைவீரனுக்கு ஓராண்டு கொடுத்தது. நாமோ அவனுடைய விடுப்புக்குள் பெண் பார்த்து, ஓலை கூறி, மணம் முடித்து, விருந்துக்கு வீடு வீடாக அழைத்துச் சென்று, சில வாரங்களில் ரயிலேற்றிவிடுகிறோம். இருவரும் ஒருவரையொருவர் அறியுமுன் பிரிகிறார்கள். அந்த ஓராண்டை அரசு தராது. சபை அதில் ஒரு பங்கைத் தரலாம். திருமணத்துக்குப் பல மாதங்கள் முன்பே இருவரும் பேசிப் பழக இடங்கொடுங்கள். திருமணச் சான்றிதழைப் பெற்ற உடனே மனைவியின் பெயரைப் படைப்பிரிவின் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். குடும்பத்தோடு வாழக்கூடிய இடத்தில் பணி கிடைக்கும்போது, "மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்" என்று மருமகளை இங்கேயே நிறுத்திக்கொள்ளாதீர்கள். மகன் சம்பளம் முழுவதும் தாயின் கணக்குக்கு வந்து, மருமகள் சோப்புக்கும் கையேந்துகிற வீடுகள் நம் சபையில் உண்டு. பல முறிவுகள் எல்லையில் தொடங்குவதில்லை. நம் சமையலறைகளில் தொடங்குகின்றன.

அந்தச் சகோதரியின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தாயும் மகளும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வருகிறார்கள். திருவிருந்தின்போது அவர்கள் முன் நான் நிற்கும் ஒவ்வொரு முறையும், என் ஆண்டவர் எனக்கு இரக்கம் காட்டியிருக்கிறார் என்று உணர்கிறேன். நான் தடுத்த அந்தக் கடிதத்தை இனி என்னால் அனுப்ப முடியாது. அடுத்ததாக ஒருத்தி கடிதத்தோடு நம் வாசலுக்கு வரும்போது, அஞ்சல் தலை வாங்கிக் கொடுக்கிற சபையாக நாம் இருக்க முடியும்.

ஜெபிப்போம்.

இரக்கமுள்ள பிதாவே, எல்லையில் நிற்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். வீட்டில் காத்திருக்கும் மனைவியரைத் தேற்றியருளும். உடைந்த இல்லங்களை உம்முடைய கரத்தினால் கட்டும். கட்டக்கூடாதபடி உடைந்தவற்றில் எளியவருக்கு நியாயஞ்செய்யும். மானத்துக்கு அஞ்சி அநீதியை மூடிவைத்த எங்கள் பாவத்தை மன்னித்து, வெளிச்சத்தில் நடக்கக் கற்றுத்தாரும். இயேசுவின் மூலம் ஜெபங்கேளும் பிதாவே. ஆமென்.